பெயருக்குள் ஒளிந்து வந்த கட்டளை

தானியங்கிப் பணித்தொடருக்குள் சொந்த ஸ்கிரிப்ட்டை ஓட்டுவது எப்படி? அது எங்கே சறுக்கும்?

2024 டிசம்பர் தொடக்கத்தில் பைதான் நிரலாளர்கள் சிலருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. படங்களில் உள்ள பொருள்களை அடையாளம் காணும் 'யோலோ' மென்பொருளை வெளியிடும் அல்ட்ராலிட்டிக்ஸ் நிறுவனத்தின் தொகுப்பைப் புதுப்பித்தபோது, கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலும் கூடவே இறங்கியிருந்தது. நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் இருந்த மூலநிரலில் அப்படி ஒரு வரியே இல்லை.

தாக்குதல் வந்த வழி விசித்திரமானது. யாரோ ஒருவர் அந்தத் திட்டத்துக்குத் திருத்தம் அனுப்புவதுபோல 'புல் ரிக்வெஸ்ட்' ஒன்றைத் திறந்தார். திருத்தம் இருந்த கிளைக்கு அவர் சூட்டிய பெயரே ஒரு ஷெல் கட்டளை. அந்தப் பெயரைக் கையாள வேண்டிய தானியங்கிப் பணித்தொடர், அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு ஓட்டிவிட்டது. அங்கிருந்து, பணிகளுக்குப் பொதுவான தற்காலிகச் சேமிப்புக்குள் நஞ்சு கலந்தது. வெளியீட்டுப் பணி அதையே எடுத்துத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது.

ஒரு பெயர் எப்படிக் கட்டளையாக மாறும் என்பது புரிய, இத்தகைய பணித்தொடர்களை ஓட்டும் தளங்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

நிகழ்வு, கணினி, படிகள்

இங்கே பேசப்படும் தளம் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ். 2018 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2019 நவம்பரில் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. 'இது நடந்தால் அதைச் செய்' என்பதுதான் இதன் அடிப்படை. யாராவது நிரலை மாற்றினால், புகார் பதிவு செய்தால், அல்லது குறித்த நேரம் வந்தால் பணித்தொடர் கிளம்பும். என்ன செய்ய வேண்டும் என்பதை 'யாமல்' கோப்பில் படிப்படியாக எழுதி, நிரலோடு சேர்த்தே வைக்கிறார்கள்.

படிகள் இரண்டு வகை. பிறர் எழுதி வெளியிட்ட ஆயத்தப் பாகத்தை அழைப்பது ஒன்று. 'ரன்' என்ற வரிக்குக் கீழே நாமே ஸ்கிரிப்ட் எழுதுவது மற்றொன்று. ஆயத்தப் பாகங்கள் பொதுவான தேவைகளுக்கானவை. நம் வேலைக்கே உரிய கணக்கு, கோப்பு வடிவம், சரிபார்ப்பு என்று வந்தால் 'ரன்' இல்லாமல் முடியாது. பிரிட்டிஷ் நிரலாளர் சைமன் வில்லிசன் 2020-ல் காட்டிய உத்தி இதற்கு நல்ல சான்று. கலிபோர்னியக் காட்டுத்தீ விவரங்களை அவ்வப்போது தரவிறக்கி, மாற்றம் இருந்தால் மட்டும் சேமிக்கும் சிறு ஸ்கிரிப்ட் அது. சொந்தமாக சர்வர் எதுவும் இல்லாமலே, தீ பரவிய வரலாறு தானாகச் சேர்ந்துகொண்டே போனது.

நிகழ்வு நடந்ததும் கிட்ஹப் புதிதாக ஒரு மெய்நிகர் கணினியைக் கொடுக்கும். வேலை முடிந்ததும் அது அழிக்கப்படும். ஒரு பணி அதிகபட்சம் 6 மணி நேரம் ஓடலாம். பொது ரெப்போக்களுக்கு (நிரல் களஞ்சியங்களுக்கு) வழக்கமான கணினிகள் இலவசம். இலவசத் திட்டத்தில் உள்ள தனியார் ரெப்போக்களுக்கு மாதம் 2,000 நிமிடங்கள் கிடைக்கும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

ஒவ்வொரு 'ரன்' படியும் தனி ஷெல்லில் ஓடுகிறது. முதல் படியில் ஒரு மாறிக்குக் கொடுத்த மதிப்பு இரண்டாம் படிக்குத் தெரியாது. அதைக் கடத்த, தளம் குறிப்பிடும் ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும்.

வெற்றி தோல்வியைத் தளம் அறிவது ஸ்கிரிப்ட் முடியும்போது திருப்பித் தரும் எண்ணை வைத்துத்தான். 0 என்றால் வெற்றி, வேறு எதுவானாலும் தோல்வி. இதில் ஒரு பொறி உண்டு. ஒரு கட்டளையின் விளைவை இன்னொன்றுக்குக் குழாய் வழியே அனுப்பினால், கடைசிக் கட்டளையின் எண்ணே கணக்கில் வரும். தரவிறக்கம் தோற்றுப்போயிருந்தாலும் திரையில் பச்சைக் குறிதான் தெரியும். லினக்ஸ் கணினியில் ஷெல் 'பாஷ்' என்று கோப்பில் வெளிப்படையாகக் குறிப்பிட்டால், குழாயின் நடுவில் நேரும் தோல்வியும் பிடிபடும்.

நேரமும் ஏமாற்றும். அட்டவணை இயல்பாக உலகப் பொது நேரத்தைப் பின்பற்றுகிறது. இந்திய நேரம் காலை 6 மணிக்கு வேலை நடக்க வேண்டுமென்றால் 0:30 என்று எழுத வேண்டும். 5 நிமிடத்துக்குக் குறைவான இடைவெளி கிடையாது. மணி அடிக்கும் நேரத்தில் நெரிசல் அதிகம் என்பதால் தாமதமாகலாம். பொது ரெப்போவில் 60 நாள் எந்த அசைவும் இல்லையென்றால் அட்டவணையே நிறுத்தப்படும்.

சாவிகளோடு ஓடும் ஸ்கிரிப்ட்

இவையெல்லாம் எரிச்சலூட்டும் பிழைகள், அவ்வளவுதான். அல்ட்ராலிட்டிக்ஸில் நடந்தது வேறு ரகம்.

யாமல் கோப்பில் இரட்டை வளைவடைப்புக்குள் எழுதும் குறிப்புகள், ஸ்கிரிப்ட் ஓடுவதற்கு முன்பே நிஜ மதிப்பால் நிரப்பப்படுகின்றன. புகாரின் தலைப்பு என்று குறிப்பிட்டிருந்தால், அந்தத் தலைப்பு எழுத்துக்கு எழுத்து ஸ்கிரிப்ட்டுக்குள் ஒட்டப்படும். அதன் பிறகே ஷெல் அதைப் பார்க்கிறது. எது நாம் எழுதியது, எது வெளியார் எழுதியது என்று ஷெல்லால் பிரித்தறிய முடியாது. தலைப்பில் ஒரு மேற்கோள் குறியை மூடி, அரைப்புள்ளி வைத்து, கட்டளை ஒன்றைச் சேர்த்துவிட்டால் அதுவும் ஓடும். கிளையின் பெயர், புல் ரிக்வெஸ்டின் விவரம் என வெளியார் தட்டச்சு செய்யும் எதற்கும் இதே கதிதான்.

அந்த ஸ்கிரிப்ட்டின் கையில் சாவிகளும் இருக்கின்றன. ஒவ்வொரு பணிக்கும் ஒரு தற்காலிக டோக்கன் தரப்படுகிறது. வெளியார் பிரதியிலிருந்து வரும் சாதாரணப் புல் ரிக்வெஸ்டுக்கு ரகசியச் சாவிகள் போய்ச் சேராமல் கிட்ஹப் தடுக்கிறது. ஆனால் 'புல் ரிக்வெஸ்ட் டார்கெட்' என்ற நிகழ்வைத் தேர்ந்தெடுத்தால் பணித்தொடர் மூலத் திட்டத்தின் அதிகாரத்தோடு ஓடும். அல்ட்ராலிட்டிக்ஸில் இருந்தது இந்த நிகழ்வுதான். முதல் தாக்குதலைச் சரிசெய்த சில நாள்களில் நச்சுப் பதிப்புகள் மறுபடியும் வெளிவந்தன. ரத்து செய்யப்படாத பழைய வெளியீட்டு டோக்கன் ஒன்று தாக்கியவர் கையில் இருந்தது.

ஆயத்தப் பாகங்களும் பாதுகாப்பானவை என்று சொல்லிவிட முடியாது. மாற்றப்பட்ட கோப்புகளைப் பட்டியலிடும் பிரபலமான ஒரு பாகம், 2025 மார்ச்சில் தாக்குதலுக்கு உள்ளானது. அதைப் பயன்படுத்தியவை 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள். தாக்கியவர்கள் பழைய பதிப்பு எண்கள் அனைத்தையும் ஒரே நச்சு நிரலை நோக்கித் திருப்பிவிட்டார்கள். அது ரகசியச் சாவிகளைப் பணித்தொடரின் பதிவில் அச்சிட்டது. பொது ரெப்போக்களின் பதிவை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

காப்பு எளிது

வெளியிலிருந்து வரும் எழுத்தை ஸ்கிரிப்ட்டுக்குள் நேராக ஒட்டக்கூடாது. சூழல் மாறி ஒன்றில் வைத்து, ஸ்கிரிப்ட்டில் அந்த மாறியை மேற்கோள் குறிக்குள் குறிப்பிட வேண்டும். அப்போது ஷெல் அதை வெறும் தரவாகவே கொள்ளும், எத்தனை அரைப்புள்ளிகள் இருந்தாலும் சரி.

டோக்கனின் உரிமையைப் படிப்பதோடு நிறுத்தி, எழுதும் உரிமையைத் தேவைப்படும் பணிக்கு மட்டும் தரலாம். 2023 பிப்ரவரி முதல் தனிநபர் கணக்குகளின் புதிய ரெப்போக்களுக்கும் புதிய நிறுவனக் கணக்குகளுக்கும் இதுவே இயல்பு நிலை. பழையவற்றில் நாமே மாற்ற வேண்டும். பிறர் பாகங்களைப் பதிப்பு எண்ணால் அழைக்காமல், 40 எழுத்து நீளமுள்ள கமிட் அடையாளத்தால் அழைத்தால், பின்னால் யாரும் அதை வேறிடத்துக்குத் திருப்ப முடியாது.

உங்கள் திட்டத்தில் பணித்தொடர் கோப்புகள் இருந்தால், இரட்டை வளைவடைப்புகளை முதலில் தேடுங்கள். 'ரன்' வரிக்குக் கீழே ஒன்று அகப்பட்டால், அந்த மதிப்பைத் தட்டச்சு செய்யக்கூடியவர் யார் என்று பாருங்கள். விடை உங்கள் குழுவுக்கு வெளியே போனால், அந்த வரியை இன்றே மாற்றிவிடுங்கள்.