ஹஜ் பயணமும் மூளையுறை அழற்சித் தடுப்பூசியும்

 

ஹஜ், உம்றாப் பயணத்துக்கு ஆயத்தமாகும் நம்மவருட் சிலர், தடுப்பூசிச் சான்றிதழைப் பயணப் பத்திரங்களுள் ஒன்றாக மட்டுமே கருதுகின்றனர். அது ஏன் கட்டாயமாயிற்று என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

மெனிஞ்சைடிஸ் எனப்படும் மூளையுறை அழற்சியை உண்டாக்கும் மெனிங்கோகொக்கஸ் பக்டீரியா, மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் வாழ்கின்றது. அதனைச் சுமப்போருட் பலருக்கு நோயே தோன்றுவதில்லை. ஆயினும் மூளையுறையையோ இரத்தத்தையோ அது தாக்கினால் ஒரே நாளில் உயிரைப் பறிக்கவும் கூடும்.

1987ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது ஏ வகைக் கிருமி பரவியது. அதன்பின் சவூதி அரேபியா ஹாஜிகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. 2000ஆம் ஆண்டில் நோய் மீண்டும் தலைதூக்கியது. பல நாடுகளின் ஆய்வுகூடங்கள் நோயாளரின் கிருமிகளை ஆராய்ந்தபோது, அது டபிள்யூ135 என்னும் வேறு வகை எனத் தெரியவந்தது. அன்று பல நாடுகளில் வழங்கப்பட்ட ஏ, சீ வகைத் தடுப்பூசிக்கு அதனைத் தடுக்கும் ஆற்றல் இருக்கவில்லை. ஹஜ்ஜுக்கே செல்லாத குடும்பத்தினரும் நோயுற்றனர். ஊர் திரும்பியோர் தம்மையறியாமலே கிருமியைச் சுமந்து வந்திருந்தனர். 2001இலும் இது தொடரவே, ஏ, சீ, டபிள்யூ, வை ஆகிய நான்கு வகைகளையும் தடுக்கும் ஊசி விதிக்கப்பட்டது. நோயின் தடத்தைப் பின்தொடர்ந்திராவிடில், எந்த ஊசி தேவை என்பதே தெரிந்திராது.

ஆபத்து நீங்கிவிடவில்லை. 2024இல் உம்றாப் பயணத்தோடு தொடர்புடைய 12 நோயாளர்கள் ஐக்கிய அமெரிக்கா, பிரான்ஸ், பிரித்தானியா ஆகிய நாடுகளில் இனங்காணப்பட்டனர். அவர்களுள் 9 பேர் தடுப்பூசி பெறாதவர்கள். இருவர் பயணமே செய்யாது, பயணிகளோடு நெருங்கிப் பழகியவர்கள்.

எனவே, ஊசி ஏற்றாமல் சான்றிதழை மட்டும் பெற்றுக்கொள்வது பொய்யுரைப்பதோடு, பிறருக்குத் தீங்கிழைப்பதுமாகும். தனக்கும் பிறருக்கும் தீங்கு செய்யலாகாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதியன்றோ! சவூதியைச் சென்றடைவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னரே ஊசியைப் பெற்றுக்கொள்ளுங்கள். இளைஞர்களே, உங்கள் பெற்றோர் அதனைப் பெற்றுவிட்டனரா என விசாரித்தறியுங்கள்.

கடுங்காய்ச்சல், தாங்கவியலாத தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சத்தால் கண் கூசுதல், தோலில் செந்நிற அல்லது ஊதாநிறப் புள்ளிகள் ஆகியன தோன்றினால் விடியும்வரை காத்திராது வைத்தியசாலைக்கு விரையுங்கள். அண்மையில் உம்றா சென்றவர் வீட்டில் இருப்பின், அதனையும் வைத்தியரிடம் கூறுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரினதும் பயணங்களை ஏற்று, நம் இல்லங்களைப் பாதுகாப்பானாக! ஆமீன்.