ரேகன்ஸ்பர்க் வீதிகளில் ஒரு நாள்

பவேரியா என்றால் மியூனிக் என்று எண்ணுவோர் பலர். அம்மாநிலத்துக்குச் செல்லும் மாணவர்களுக்கு நான் கூறும் யோசனை வேறு. மியூனிக்கில் புகைவண்டி ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் ரேகன்ஸ்பர்க் நகரை அடையலாம். தான்யூப் ஆறு தன் நெடும் பயணத்தில் வேறெங்கும் செல்லாத அளவுக்கு வடக்கே வந்து திரும்பும் இடம் அது. பழைய நகரம் முழுவதையும் கால்நடையாகவே சுற்றிவிடலாம். அதற்கு வழிகாட்டி தேவையில்லை. நல்ல காலணியும், நின்று பார்க்கும் பொறுமையும் இருந்தால் போதும்.

புகைவண்டி நிலையத்திலிருந்து வருபவர்கள் நேரே பேராலயத்துக்குள் நுழைந்துவிடுவது வழக்கம். அவ்வாறு செய்யாதீர்கள். நகரத்தைக் குறுக்கே கடந்து, ஆற்றுக்கு அப்பால் உள்ள ஸ்டாட்டம்ஹோப் என்னும் பகுதிக்குச் சென்று, அங்கிருந்து திரும்பி நில்லுங்கள். எதிரே கற்பாலம், பாலத்தின் முடிவில் வாயிற்கோபுரம், அதற்கு மேலே பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள்: நகரத்தின் வரலாறு ஒரே பார்வையில் அடங்கிவிடும்.

நீங்கள் கடக்கப்போவது பாலம் மட்டுமன்று. ஒரு காலத்தில் அது நாட்டின் எல்லை. ஸ்டாட்டம்ஹோப் பவேரிய மன்னர்களுக்கு உரியது. எதிர்க்கரையில் இருந்த ரேகன்ஸ்பர்க்கோ, பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட தன்னுரிமை நகரம். 1810-இல்தான் அது பவேரியாவுடன் சேர்ந்தது. இரு கரைகளும் ஒரே நகராட்சியின்கீழ் வந்தது 1924-இல்.

பாலத்தை 1135-இல் தொடங்கி 1146-இல் முடித்தனர். 1135-ஆம் ஆண்டுக் கோடையில் மழை பொய்த்து ஆற்றில் நீர் வற்றியதால் அடித்தூண்களை அமைப்பது எளிதாயிற்று என்பர். முந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில் பதினாறு வளைவுகளைக் கட்டினார்கள். தூண்களை வெள்ளம் அரிக்காதபடி, ஒவ்வொன்றையும் சுற்றிச் சிறு தீவுபோல் கல்லும் மரமும் இட்டு அணை கோலினார்கள். அத்தீவுகளுக்கு இடையே ஆறு நெருக்குண்டு சுழித்து ஓடுவதைக் கைப்பிடிச் சுவரிலிருந்து குனிந்து பாருங்கள். எண்ணூறு ஆண்டுகளாக, 1930-களில் வேறொரு பாலம் எழும் வரையில், நகரத்துக்கு இது ஒன்றுதான் பாலம். 1189-இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட பேரரசர் பிரெடரிக் பார்பரோசாவின் படை கூடியதும் இந்நகரத்திலேதான்.

பாலத்தின் நடுவே ஒரு சிறு கற்கூரையின்மேல் அமர்ந்து, நெற்றியில் கைவைத்துப் பேராலயத்தை நோக்கும் மனிதச் சிலை ஒன்று உண்டு. அதைப் பற்றிய கதை இது. பாலம் கட்டியவனும் பேராலயம் கட்டியவனும் யார் முதலில் முடிப்பது என்று பந்தயம் கட்டினார்கள். பாலம் கட்டியவன் சாத்தானின் உதவியை நாடினான். பாலத்தை முதலில் கடக்கும் உயிர்கள் தனக்கே உரியவை என்று சாத்தான் உடன்படிக்கை செய்துகொண்டான். வேலை முடிந்ததும் பாலம் கட்டியவன் சேவலையும் கோழியையும் நாயையும் விரட்டிவிட்டான். ஏமாந்த சாத்தான் சினங்கொண்டு கீழிருந்து முட்டியதால்தான் பாலம் நடுவில் மேடாக இருக்கிறதாம். கதை சுவையானது, கணக்குத்தான் உதைக்கிறது. இன்றுள்ள பேராலயத்தின் வேலை 1273-இல் நிகழ்ந்த தீவிபத்துக்குப் பிறகே தொடங்கியது. அப்போது பாலத்துக்கு வயது நூற்றிருபதுக்கும் மேல்!

இதே பாலத்தின் சில பகுதிகளை 1945 ஏப்ரல் 23-இல், பின்வாங்கிய ஜெர்மன் படையினரே வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1967-இல்தான் அது முறையாகச் செப்பனிடப்பட்டது. அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நடையின் முடிவில் அதற்குத் திரும்ப வரவேண்டியிருக்கும்.

வாயிற்கோபுரத்தை ஒட்டி, உயர்ந்த கூரையோடு நிற்கும் பெரிய கட்டடம் 1616 முதல் 1620 வரை எழுப்பப்பட்ட உப்புக் களஞ்சியம். ஆற்றின் வழியே படகில் வந்த உப்பு இங்கேதான் சேமிக்கப்பட்டது. அதன் அருகில், கரையோரமாகப் புகை கிளப்பிக்கொண்டிருக்கும் சிறிய உணவகத்தின் சுவரில் வெள்ளம் ஏறிய அளவுகளைக் கோடிட்டு வைத்திருக்கிறார்கள்.

வாயிலுக்குள் நுழைந்தால் குறுகிய தெருக்கள். அண்ணாந்து பாருங்கள், வீடுகளுக்கு நடுவே கோபுரங்கள் தென்படும். அவை கோட்டைக் கோபுரங்களல்ல; வணிகர்களின் வீடுகள். வெனிசுடனும் கீவுடனும் வாணிகம் செய்து பொருள் குவித்த குடும்பங்கள், தம் பெருமையைக் காட்ட ஒன்றையொன்று விஞ்சி உயரக் கட்டினார்கள். வாலன் தெருவிலுள்ள பொற்கோபுரம் ஒன்பது அடுக்குகளுடன் ஏறத்தாழ ஐம்பது மீட்டர் உயர்ந்து நிற்கிறது. இத்துணை பழைய வீடுகள் இங்கு மட்டும் எவ்வாறு எஞ்சின என்று நீங்கள் கேட்கலாம். இடைக்காலத்தின் இறுதியில் வாணிகம் நூரம்பெர்க்குக்கும் ஆக்ஸ்பர்க்குக்கும் போய்விட்டது. ரேகன்ஸ்பர்க் செல்வர்களிடம் பழையதை இடித்துப் புதியது கட்டப் பணம் இல்லை. வறுமை காத்த அழகு இது. அதனை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அடுத்துப் பழைய நகர மண்டபம். இங்குள்ள பேரரசு மண்டபத்தில்தான் புனித உரோமப் பேரரசின் பேரவை 1663 முதல் 1806 வரை கூடியது. துருக்கியரின் படையெடுப்பைத் தடுக்கப் பணம் திரட்டுவது பற்றிப் பேசக் கூடினார்கள். கூடியவர்கள் கலையவே இல்லை. சிற்றரசர்கள் ஊர் திரும்பினாலும் அவர்களுடைய தூதர்கள் இங்கேயே குடியிருந்து நூற்றுநாற்பது ஆண்டுகளுக்கு மேல் விவாதித்தார்கள். யார் எந்தப் படியில், எந்த நிறத் துணி விரித்த இருக்கையில் அமர்வது என்பதும் அங்கே பெரிய அரசியல். ஒரு காரியத்தை நாம் 'கிடப்பில் போடுவது' என்கிறோமே, அதனை ஜெர்மானியர் 'நீண்ட பலகையின்மேல் தள்ளுவது' என்பர். அந்தப் பலகை இந்த மண்டபத்துப் பலகைதான் என்று ஊரார் உரிமை கொண்டாடுகிறார்கள். நான் அதனை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆனால், அதே கட்டடத்தின் கீழ்த்தளத்திலுள்ள சித்திரவதை அறையைக் கட்டாயம் பாருங்கள். மேலே மரியாதை வரிசை, கீழே ஏணியும் கயிறும். இரண்டுக்கும் இடையே ஒரு படிக்கட்டுத்தான்.

மண்டபத்திலிருந்து சிறிது தொலைவில் கெப்ளர் தெரு. கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கண்டுரைத்த ஜோகானஸ் கெப்ளர் இத்தெருவிலுள்ள வீடொன்றில் 1630 நவம்பர் 15-இல் காலமானார். ஆராய்ச்சிக்காக அவர் இங்கு வரவில்லை. பேரரசர் தமக்குத் தரவேண்டிய சம்பளப் பாக்கியை, இங்கே அரசர்கள் கூடியிருந்த வேளையில் கேட்டுப் பெறலாம் என்று குதிரையேறி நெடுந்தூரம் வந்தார். வந்த இடத்தில் காய்ச்சல் கண்டது. அவரை நகர மதிலுக்கு வெளியே அடக்கம் செய்தார்கள். சில ஆண்டுகளுக்குள் முப்பதாண்டுப் போரில் அந்தக் கல்லறைத் தோட்டமே அழிந்தது. விண்ணை அளந்தவரின் கல்லறை இருந்த இடத்தைக் காட்ட ஒரு கல்லும் எஞ்சவில்லை. அவர் இறந்த வீடு அருங்காட்சியகமாக விளங்குகிறது.

இனி நொய்ப்பார் சதுக்கம். அகன்ற இந்த வெட்டவெளியைக் கண்டு வியப்பவர், நெருக்கமான நகரத்தின் நடுவே இத்துணை இடம் எவ்வாறு கிடைத்தது என்று கேட்டாக வேண்டும். இங்கே யூதர்களின் குடியிருப்பு இருந்தது. பத்தாம் நூற்றாண்டு முதலே இந்நகரில் வாழ்ந்த மக்கள் அவர்கள். அவர்களுக்குக் காப்பாக இருந்த பேரரசர் மாக்சிமிலியன் 1519 சனவரியில் இறந்தார். அடுத்த மாதமே நகர மன்றம் அவர்களை வெளியேறச் சொல்லிற்று. குளிர்காலத்தில் சில நாள்களே கெடு. வீடுகளையும் தொழுகைக்கூடத்தையும் இடித்துத் தள்ளினார்கள். கல்லறைக் கற்களைப் பெயர்த்து வந்து தம் வீட்டுச் சுவர்களில் பதித்துக்கொண்டார்கள். எபிரேய எழுத்துகளோடு அக்கற்களில் சில இன்னும் சுவர்களில் இருக்கின்றன.

அம்மன்றத்தில் ஓர் ஓவியர் உறுப்பினராக இருந்தார். நிலக்காட்சி ஓவியத்தில் ஐரோப்பிய முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படும் ஆல்பிரெக்ட் ஆல்ட்டோர்பர்தான் அவர். தொழுகைக்கூடம் இடிபடுமுன் அதன் வாயிலையும் உட்புறத்தையும் இரண்டு சித்திரங்களாக அவர் தீட்டி வைத்தார். அந்தக் கட்டடத்தின் தோற்றத்தை இன்று நாம் அறிவது, அதை இடிக்க முடிவு செய்த மன்றத்தில் அமர்ந்திருந்தவரின் கையால்தான். அப்படங்களை மகிழ்ச்சியோடு பார்க்க என்னால் இயலவில்லை; பாராமல் இருக்கவும் இயலவில்லை.

1990-களில் சதுக்கத்தைத் தோண்டியபோது குடியிருப்பின் நிலவறைகளும், புதைத்து வைத்த 624 பொற்காசுகளும் வெளிப்பட்டன. தொழுகைக்கூடம் இருந்த இடத்தில், அதன் அடித்தள வடிவையே வெள்ளைக் கற்காரையில் அமைத்திருக்கிறார் இஸ்ரேலியச் சிற்பி தானி காரவான், 2005-இல் திறக்கப்பட்டது. அதில் சிறுவர்கள் குதித்து விளையாடுகிறார்கள். மாணவர்கள் அமர்ந்து ரொட்டி தின்கிறார்கள். அதற்கு வேலியிடவில்லை. நகரின் பிற்காலத் தொழுகைக்கூடம் ஒன்றை 1938-இல் நாஜிகள் எரித்தார்கள். அது இருந்த இடத்தில் 2019-இல் புதியது எழுந்துள்ளது.

பேராலயத்துக்கு இங்கிருந்து சில நிமிட நடை. புனித பேதுருவின் பெயரால் அமைந்தது. 105 மீட்டர் உயரமுள்ள அதன் கோபுரங்கள் இடைக்காலத்தவை என்று எண்ணிவிடாதீர்கள். பணமும் ஊக்கமும் குன்றிக் கட்டடம் பதினாறாம் நூற்றாண்டில் அரைகுறையாக நின்றுவிட்டது. பவேரிய மன்னர் முதலாம் லுட்விக்கின் முயற்சியால் கூர்முடிகளை 1859-க்கும் 1869-க்கும் இடையில் முடித்தார்கள். மென்மையான கல்லாதலால் ஆலயத்துக்கென்றே உள்ள சிற்பக்கூடத்தினர் ஓயாமல் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே இருள். கண் பழகும் வரை ஓரிடத்தில் நில்லுங்கள். பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளின் வண்ணக்கண்ணாடிச் சன்னல்கள் மெல்ல ஒளிரத் தொடங்கும். மரியாளுக்கு நற்செய்தி கூறும் வானவனின் சிலை ஒன்று இங்கு உண்டு. வாய் விரிய, குறும்புக்காரச் சிறுவனைப்போல் அவன் சிரிக்கிறான். வானவர்கள் இவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கலாம் என்று துணிந்த சிற்பியை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதே ஆலயத்தின் வெளிச்சுவரில் யூதர்களை இழிவுபடுத்தும் சிற்பம் ஒன்றும் இருக்கிறது. சதுக்கத்திலிருந்து நேரே வருபவர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

பேராலயத்துக்கு வடக்கே, ஆற்றின் பக்கமாக இறங்கும் சந்தில், வெள்ளைச் சுவருக்கு நடுவே கருத்த பெருங்கற்கள் துருத்திக்கொண்டிருக்கும். அதுதான் உரோமர் பாசறையின் வடக்கு வாயில். மார்க்கஸ் அரேலியஸ் பேரரசராக இருந்தபோது, கி.பி. 179-இல் இப்பாசறை முற்றுப்பெற்றது. ஆறாயிரம் வீரர் கொண்ட படைப்பிரிவு ஒன்று இங்கே தங்கியது. பிற்காலத்தார் வாயிலைச் சுவருக்குள் மறைத்துவிட்டனர். 1885-இல் கட்டட வேலையின்போதுதான் அது மீண்டும் வெளிப்பட்டது. சுண்ணச் சாந்தின்றி அடுக்கிய அக்கற்களைத் தொட்டுப் பார்க்கலாம், யாரும் தடுப்பதில்லை.

கடைசியாகக் கிழக்கே, தாகாவ் சதுக்கம். 1945 ஏப்ரல் 23-ஆம் நாள், அமெரிக்கப் படை நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், நகரத்தைச் சண்டையின்றி ஒப்படைக்க வேண்டும் என்று பெண்களும் பிறரும் இங்கே கூடினார்கள். நாஜித் தலைவர்களோ கடைசிக் கல் வரை போரிட வேண்டும் என்று ஆணையிட்டிருந்தனர். பேராலயத்தின் போதகர் ஜோகான் மயர் பேச எழுந்தார். நாங்கள் கலகம் செய்ய வரவில்லை, வேண்டுகோள் விடுக்கவே வந்தோம் என்ற அளவில் அவருடைய பேச்சு இருந்தது. முடிக்குமுன் அவரைப் பிடித்துச் சென்றார்கள். அன்றிரவே விசாரணை; மறுநாள் விடியற்காலையில், நாசவேலைக்காரன் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டி, இதே சதுக்கத்தில் தூக்கிலிட்டார்கள். அவருக்கு வயது முப்பத்தெட்டு. தொழிலாளி ஜோசப் சிர்க்கல் அவருடன் தூக்கிலிடப்பட்டார். ஓய்வுபெற்ற காவலர் மிகாயேல் லாட்னர் சுடப்பட்டு, அவர் உடல் அந்தத் தூக்குமரத்தின் கீழே கிடத்தப்பட்டது. மூன்று நாள்கள் கழித்து, ஏப்ரல் 27-இல், நகரம் சண்டையின்றியே அமெரிக்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. காலையிலிருந்து நீங்கள் பார்த்து வந்த கற்பாலமும் மண்டபமும் கண்ணாடிச் சன்னல்களும் அந்த மூன்று நாள்களில் பீரங்கிக்கு இரையாகாமல் தப்பியவை. மயரின் உடல் 2005 முதல் பேராலயத்தில் இருக்கிறது.

சதுக்கத்தின் அருகிலுள்ள வண்டி நிறுத்தும் கட்டடத்துக்குள்ளேயே உரோமர் மதிலின் நீண்ட பகுதி ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதையும் பார்த்துவிட்டுத் தெற்கே திரும்பி நடந்தால், கால்மணி நேரத்தில் புகைவண்டி நிலையம் வந்துவிடும்.