கட்டபொம்மன் வசனம் பேசிய வாய்க்கு ஆங்கிலம் வராதா?

பேராக் மாநிலத்தில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு அண்மையில் சென்றிருந்தோம். மாலை ஐந்து மணி இருக்கும். லயத்து வாசலில் ஒரு பெரியவர், அவருடைய மகள், பேத்தி மூவரும் உட்கார்ந்திருந்தனர். மகள் உதிரிப்பழம் பொறுக்கிவிட்டு வந்த களைப்பில் இருந்தார். பேத்தியின் முகமோ வாடிக் கிடந்தது.

என்ன விஷயம் என்று விசாரித்தோம். ஐந்தாம் படிவம் முடித்த பெண். ஈப்போவில் ஒரு தொழிற்சாலை வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கிறாள். “உன்னைப் பற்றிச் சொல்” என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள்.

“எழுதச் சொல்லியிருந்தா ரெண்டு பக்கம் எழுதியிருப்பேங்க. பேசச் சொன்னதும் வாயே தெறக்கல. பேர மட்டும் சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சிட்டேன்” என்றாள்.

அன்பர்களே, இது அந்தப் பெண் ஒருத்தியின் குறையா? வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலாய் என்று வளரும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கண்ணால் படிக்கிறார்கள், கையால் எழுதுகிறார்கள். காதும் நாக்கும் பழகுவதற்குத் துணை இல்லை. ஆனால் 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத் தேர்வில் பேச்சுக்கென்று தனித் தாளே வைத்திருக்கிறார்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்தில் வேலை தேடுகிறவர்களுக்கோ வாய்ப்பேச்சுதான் முதல் வாசற்படி.

நாம் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது பெரியவர் குறுக்கிட்டார்.

“நாங்க சின்ன வயசுல கட்டபொம்மன் வசனம் எப்படிப் படிச்சோம் தெரியுமா? திருவிழாவுக்கு மைக்செட்டுக்காரர் இசைத்தட்டு போடுவாரு. தட்டு ஓட ஓட நாங்களும் கூடவே சொல்லுவோம். சிவாஜி எங்க மூச்சு விடுறாரோ அங்கதான் நாங்களும் மூச்சு விடுவோம்!”

“அது தமிழு, தாத்தா” என்று சிரித்தாள் பேத்தி.

“தமிழுதான். அந்தத் தமிழ நாம லயத்துல பேசுறோமா? அதுவும் எங்களுக்குப் புதுப் பாஷை மாதிரிதான் இருந்துச்சு. கேட்டுக் கேட்டு, சொல்லிச் சொல்லித்தான் வாய்க்கு வந்துச்சு.”

நாம் திகைத்துப்போனோம். பெரியவர் சொன்னது வெறும் பழங்கதையன்று. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959இல் வந்த படம். அதன் வசனத்தை ஒலிபெருக்கியில் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் அந்த நாளில் ஏராளம். ஓதுவாரிடம் தேவாரம் படிப்பவர்களும் அவர் சொல்ல, பின்னால் சொல்லியே படிக்கிறார்கள்.

இதே முறையை மேல்நாட்டாரும் மொழி கற்பதற்குக் கையாண்டார்கள். லண்டனில் 1901இல் தொடங்கப்பட்ட லிங்குவாபோன் நிறுவனம் ஒலிப்பதிவுகளைக் கொண்டே மொழிப் பாடம் நடத்தியது. ஒருவர் பேசப் பேச, நிழல் போலப் பின்தொடர்ந்து அதையே சொல்லும் பயிற்சி மொழிபெயர்ப்பாளர்களுக்கும் உண்டு. ஜப்பானிய ஆசிரியர்கள் அதை ஆங்கில வகுப்புக்கும் கொண்டுவந்தார்கள். 1973இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, சிலர் கேட்ட சொல்லைக் கால் விநாடி இடைவெளியிலேயே திருப்பிச் சொல்லிவிடுகிறார்களாம்!

இதனால் நமக்கு என்ன நன்மை? தமிழில் ஒவ்வோர் எழுத்தையும் ஏறக்குறைய சமமாக ஒலித்துப் பழகியவர்கள் நாம். ஆங்கிலம் அப்படியன்று. ஓர் அசையை அழுத்தி, மற்றதை விழுங்கிவிடும். நாம் தினமும் சொல்லும் ‘எஸ்டேட்டு’ என்ற சொல்லையே பாருங்கள். ஆங்கிலத்தில் அது ‘இஸ்டேட்’. அழுத்தம் ‘டேட்’டில் விழும், கடைசியில் ‘டு’ கிடையாது. ‘புக்’ என்பதைப் ‘புக்கு’ என்றும், ‘எக்’ என்பதை ‘யெக்’ என்றும் சொல்வது நம் நாக்கின் பழக்கம். ‘கப் ஆஃப் டீ’ என்று எழுதியிருப்பது பேச்சில் ‘கப்பவ் டீ’ என்று ஓடிவிடும். இந்த ஓட்டத்தைப் புத்தகம் காட்டாது. காதுதான் பிடிக்க வேண்டும்.

சரி, எப்படிப் பழகுவது? கைத்தொலைபேசி ஒன்று போதும்.

முதலில், தெளிவாகப் பேசும் ஒலிப்பதிவு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நிமிடம் ஓடினால் போதும். பேச்சு எழுத்திலும் கிடைத்தால் நல்லது. பிபிசி நிலையத்தின் ஆங்கிலப் பாடங்களில் அப்படிப்பட்டவை இலவசமாகவே உண்டு. பட்டணத்தில் வைஃபை கிடைக்கும் இடத்தில் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால், பிறகு டேட்டாச் செலவு இல்லை. செய்தி அறிக்கையை இப்போதைக்குத் தொடாதீர்கள், வேகம் அதிகம்.

இரண்டாவதாக, வாயை மூடிக்கொண்டு மூன்று முறை கேளுங்கள். பிறகு எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டு, தெரியாத சொற்களுக்குப் பொருள் தெரிந்துகொள்ளுங்கள். பொருள் தெரியாமல் சொல்வது கிளிப்பேச்சு.

மூன்றாவதாக, ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். சொல்லை மட்டுமல்ல, குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதையும் பிடியுங்கள்.

நான்காவதாக, நிறுத்தாமல் ஓடவிட்டு, அரை அடி பின்னால் நடப்பதுபோல் கூடவே சொல்லுங்கள். தடுக்கினால் விட்டுவிட்டு அடுத்த சொல்லைப் பிடியுங்கள். வேகம் மிஞ்சினால் தொலைபேசியிலேயே குறைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவதாக, உங்கள் குரலைப் பதிவு செய்து, அசலோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். தன் குரலைத் தானே கேட்கச் சற்று வெட்கமாகத்தான் இருக்கும். இரண்டு நாளில் பழகிவிடும்.

தினமும் கால் மணி நேரம் போதும். ஒரே பதிவை ஒரு வாரம் விடாமல் செய்யுங்கள். நாளுக்கொன்றாகத் தாவினால் எதுவும் நாக்கில் நிற்காது.

ஓர் எச்சரிக்கை: வெட்டுக்காட்டில் வேலை செய்யும்போது காதில் ஒலிபெருக்கியை மாட்டிக்கொள்ளாதீர்கள். மட்டை விழும் சத்தமும் டிராக்டர் வரும் சத்தமும் கேட்காமல் போனால் ஆபத்து. வீட்டிலேயே பழகுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்வதோடு நின்றால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். கேட்ட வாக்கியத்தில் சொல்லை மாற்றி, உங்கள் பெயரையும் ஊரையும் வேலையையும் போட்டுச் சொல்லிப் பாருங்கள். பிறகு தங்கையிடமோ தோழியிடமோ பேசுங்கள். வெள்ளைக்காரனைப் போல் ஒலிக்க வேண்டும் என்ற அவசியமில்லை. எதிரே இருப்பவருக்குப் புரிந்தால் போதும். இதற்காகத் தமிழை விடவும் வேண்டாம்.

ஆறு வாரம் கழித்து அதே லயத்துக்கு மறுபடி போனோம். பேத்தி தொலைபேசியை எடுத்துவந்து, முதல் நாள் பதிவு செய்ததையும் அன்று காலை பதிவு செய்ததையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினாள். பிழை முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் தயக்கம் போயிருந்தது. அடுத்த மாதம் இன்னொரு நேர்முகத் தேர்வு இருக்கிறதாம்.

பெரியவருக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “எப்படிங்க இருக்கு?” என்றோம்.

“மொதல்ல பேசுனது யாரோ பயந்த புள்ள. ரெண்டாவதா பேசுறது நம்ம வீட்டுப் புள்ள” என்றார்.

அந்தத் தைரியம் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் வரட்டும். இன்று இரவே கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.