சறுக்குப்பெயர்ச்சித் திரிபு: கருத்தும் கலைச்சொல்லும்

முன்னுரை

திண்மப் பொருளின்மீது புறவிசை செயற்படும்போது அதன் அளவிலோ வடிவிலோ மாற்றம் நேர்கிறது. அம்மாற்றத்தைத் தொடக்க அளவோடு ஒப்பிட்டுக் கூறும் விகிதம் திரிபு எனப்படும். நீள மாற்றத்தையும் பரும மாற்றத்தையும் சுட்டும் திரிபுகள் எளிதில் விளங்குவன. வடிவம் சாய்வதைச் சுட்டும் மூன்றாம் வகையே இடர்ப்பாடு தருவது. இதனைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘சறுக்குப்பெயர்ச்சித் திரிபு’ என்கின்றன. இலங்கையில் ‘கொய்வு விகாரம்’ என்பது வழக்கு. ‘வெட்டுத் திரிபு’ என்னும் ஆட்சியும் உண்டு. இச்சொற்கள் கருத்தை எவ்வளவு உணர்த்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கருத்து விளக்கம்

மேசைமீதுள்ள தடித்த நூலின் மேலட்டையைப் பக்கவாட்டில் தள்ளினால், செவ்வகமாய் இருந்த அதன் பக்கத்தோற்றம் இணைகரமாகிறது. உயரம் ஏறத்தாழ மாறுவதில்லை; செங்கோணம் மாறுகிறது. அக்கோண மாற்றமே இத்திரிபின் அளவு. 10 செ.மீ. பக்கமுள்ள எஃகுக் கனசதுரத்தின் அடித்தளம் நிலைத்திருக்க, மேற்றளம் 0.1 மி.மீ. நகர்வதாகக் கொள்வோம். நகர்வை உயரத்தால் வகுக்கக் கிடைப்பது 0.001, சிறு கோணங்களுக்கு இதுவே ரேடியனில் கோண மாற்றமாகும். எஃகின் விறைப்புக் குணகம் ஏறத்தாழ 80 கிகாபாஸ்கல் ஆதலின், இச்சிறு சாய்வுக்கே 80 மெகாபாஸ்கல் தகைவு, அதாவது அத்தளத்தின்மீது சுமார் 8 இலட்சம் நியூட்டன் விசை வேண்டும்.

சொற்களின் பொருத்தப்பாடு

‘வெட்டு’, ‘கொய்வு’ ஆகியன விசையின் இயல்பால் பெற்ற பெயர்கள். கத்தரியின் அலகுகளைப்போல் எதிரெதிராகச் செயற்படும் விசைகளை அவை நினைவூட்டுகின்றன. எனினும், மீள்தன்மை எல்லைக்குள் பொருள் அறுபடுவதில்லை. விசை நீங்கினால் பழைய வடிவம் மீள்கிறது. சுண்ணக்கட்டியை முறுக்கி உடைத்தால், அது குறுக்காக வெட்டுண்டதுபோல் உடையாமல், அச்சுக்கு 45 பாகை சாய்ந்த சுருள்பரப்பில் உடைகிறது. சதுரம் சாயும்போது ஒரு மூலைவிட்டம் நீள, மற்றது குறுகுகிறது. இழுவிசையைத் தாங்காத சுண்ணக்கட்டி, நீளும் திசைக்குக் குறுக்கே பிளக்கிறது. சாய்வுக்குள் நீட்சி அடங்கியிருத்தலை ‘வெட்டு’ என்னும் சொல் உணர்த்துவதில்லை.

‘சறுக்குப்பெயர்ச்சி’ அடுக்குகளின் நகர்வைக் காட்டுவதால் கருத்துக்கு நெருங்கியது. ஆயினும் ‘பெயர்ச்சி’ இடமாற்றத்தையும் குறிக்கும். பொருள் முழுவதும் ஒருங்கே பெயர்ந்தால் திரிபு சுழியே. அடுக்குக்கு அடுக்கு பெயர்ச்சி வேறுபடும்போதே திரிபு தோன்றுகிறது.

முடிவுரை

மூன்று சொற்களும் விசையையோ நகர்வையோ சுட்டுகின்றன; அளக்கப்படும் கோண மாற்றத்தை எதுவும் சுட்டவில்லை. வழக்கில் நிலைபெற்ற சொல்லை மாற்றுவது குழப்பத்தைப் பெருக்கும். ஆகவே, ‘சறுக்குப்பெயர்ச்சித் திரிபு’ என்பதை ஏற்று, ‘செங்கோணத்தில் நேரும் மாற்றம்’ என்பதை அதன் வரையறையின் முதலில் வைப்பதே மாணவர்க்குத் தெளிவு தரும்.