மீன் தீவனத்தில் களிமண்ணா?

மாணவர்களே, நாம் விரும்பி உண்ணும் சியாக்காப், திலாப்பியா மீன்கள் பெரும்பாலும் பண்ணைகளில் வளர்பவை. பண்ணை மீன் தீவனத்தில் பெண்டோனைட் என்னும் களிமண்ணும் சேர்க்கப்படுவதுண்டு. ஏன் தெரியுமா?

வெப்பமும் ஈரமும் மிகுந்த பினாங்கு போன்ற இடங்களில், மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் கலந்த தீவனத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். சிலவகைப் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960 வாக்கில் அமெரிக்கப் பண்ணைகளில் டிரவுட் மீன்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் பரவியது. இந்த நஞ்சே காரணம் என்று பின்னர் தெரிந்தது.

பெண்டோனைட்டின் மெல்லிய அடுக்குகள் இந்நஞ்சைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். அது கழிவோடு வெளியேறிவிடும். தீவன உருண்டை உதிராமல் இருக்கவும் இக்களிமண் உதவும். ஜியோலைட் என்னும் கனிமமோ, தன் நுண்துளைகளில் அம்மோனியாவை ஈர்த்துக்கொள்ளும்.

ஆனால், 'இயற்கை' என்றாலே பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. 1997இல் அமெரிக்காவில் தீவனத்தில் சேர்த்த ஒருவகைக் களிமண்ணில் டையாக்சின் நஞ்சு இருந்தது. அது கோழிக்கும் கெளுத்தி மீனுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தக் களிமண்ணும் பூமியில் தோண்டி எடுத்ததுதான்! மண்ணைச் சோதித்த பிறகே மீனுக்குத் தர வேண்டும்.

அந்தச் சோதனைக்கு வேதியியலும் உயிரியலும் தெரிந்தவர்கள் தேவை. மீன்வள ஆய்வு நிலையமும் வேர்ல்ட்ஃபிஷ் தலைமையகமும் நம் பினாங்கு பத்து மாவுங்கில்தான் உள்ளன. அங்கே நாளை நீங்களும் இருக்கலாமே!