பயத்தை வரைந்தவர்களுக்கும் பெயர் உண்டு

திகில் காமிக்ஸின் பெயர் தெரியாத ஓவியர்களும், வரையக் காத்திருக்கும் நாஞ்சில் நாட்டு நீலியும்

மின்சாரம் பாய்ந்ததும் அந்த மனிதனின் உடல் மறைந்துவிடுகிறது. மிச்சம் நிற்பது வலது கை மட்டும், எஃகுக் கை. கதவு தானாகத் திறக்கிறது. விரல்கள் அந்தரத்தில் மடங்கி விரிகின்றன. 1972 ஜனவரியில் சிவகாசியின் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யைக் கொண்டுவந்தது. அன்று முதல் அந்தக் கை தமிழ்ப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்தது; அதே வேகத்தில் வாசிக்கவும் பழக்கியது.

நாகர்கோவிலில் ஐம்பது வயதைத் தாண்டிய வாசகர்களிடம் மாயாவியைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் மலரும். லூயி கிராண்டேல் என்று நாயகனின் முழுப்பெயரைச் சொல்பவர்களும் உண்டு. ‘சரி, வரைந்தவர் யார்?’ என்றால் பேச்சு நின்றுவிடும்.

வரைந்தவர் பெயர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919-இல் பார்சிலோனாவில் பிறந்தவர், 1995-இல் மறைந்தார். லண்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962-இல் தொடங்கிய தொடருக்காக அவர் போட்ட படங்கள்தான் பத்தாண்டுக்குப் பிறகு நம் கைக்கு வந்தன. பழைய மாயாவி இதழ் கிடைத்தால் ஒரு பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். தெரு, கார், அலுவலக மேசை எல்லாம் நிஜம்போல இருக்கும். மனித முகங்களில் பாதி கறுப்பில் மூழ்கியிருக்கும். எஃகுக் கைக்கு மட்டும் விரல் எலும்புகளின் மேல் வெள்ளைக் கீற்றாக ஒளி விழும். சுற்றியுள்ள உலகம் அவ்வளவு சாதாரணமாக இருப்பதால்தான் அந்தரத்தில் நிற்கும் கை நம்மை உலுக்குகிறது. மலிவான தாளில் மெல்லிய சாயல்கள் நிற்காது. அடர்ந்த கறுப்பும் அழுத்தமான கோடும்தான் நிற்கும். அந்த வரம்பையே பிளாஸ்கோ பலமாக மாற்றிக்கொண்டார்.

பெயர் போடாத வழக்கம்

அந்தக் காலத்து பிரிட்டிஷ் காமிக்ஸ் வார இதழ்களில் ஓவியர் பெயரோ எழுத்தாளர் பெயரோ பெரும்பாலும் அச்சாகாது. 1977-இல் தொடங்கிய ‘2000 ஏடி’ இதழ்தான் பெயர் போடுவதை அங்கே வழக்கமாக்கியது. அதற்குமுன் வரைந்தவர்கள் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியதோடு சரி. 1965-இல் ‘லயன்’ இதழில் ஸ்பைடர் என்ற நாயகனை வரையத் தொடங்கிய ரெஜ் பன்னும் அப்படித்தான். கூர்மையான காதும் குழிந்த கன்னமுமாக, ஆயிரம் நுண்கோடுகளில் அவர் உருவாக்கிய அந்த முகத்தைத் தமிழ் வாசகர்கள் மறக்கவில்லை. அவர் பெயர்தான் நம்மை எட்டவே இல்லை.

பெயர் நம்மை எட்டாத இன்னொருவர் ஹோசே ஓர்டிஸ். 1984 மார்ச்சில் லண்டனில் ‘ஸ்க்ரீம்’ என்றொரு திகில் வார இதழ் வந்தது. பதினைந்து இதழ்களோடு நின்றும் போனது. அதில் வந்த ‘பதின்மூன்றாவது மாடி’ தொடரை வரைந்தவர் இந்த ஸ்பெயின்காரர். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை மேக்ஸ் என்ற கணினி நிர்வகிக்கிறது. குடியிருப்பவர்களுக்குத் தீங்கு செய்ய வருகிறவர்களை அது லிஃப்ட்டில் ஏற்றி, கட்டடத்தில் இல்லவே இல்லாத பதின்மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோய் அவர்கள் செய்ததற்குக் கணக்குத் தீர்க்கிறது. இதே ஓர்டிஸ் பின்னாளில் இத்தாலியின் காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லரையும் வரைந்தார்.

குற்றவாளிக் கூண்டில் காமிக்ஸ்

ஓவியரைக் கொண்டாடிய திகில் பதிப்பகமும் ஒன்று இருந்தது. அமெரிக்காவின் ஈசி காமிக்ஸ். வில்லியம் கெய்ன்ஸ் 1950-இல் ‘டேல்ஸ் ஃப்ரம் த க்ரிப்ட்’ போன்ற இதழ்களைத் தொடங்கியபோது, ஓவியர்களைக் கையெழுத்திட விட்டார். அவர்களைப் பற்றிய அறிமுகக் குறிப்புகளையும் அச்சிட்டார். ஜாக் டேவிஸ், ஜானி கிரெய்க், வாலி உட் என்று ஒவ்வொருவரின் கோட்டையும் வாசகர்கள் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டார்கள். அழுகிய பிணம் மண்ணைப் பிளந்து எழுவதை கிரஹாம் இங்கெல்ஸ் அளவுக்கு வரைந்தவர் இல்லை. ‘காஸ்ட்லி’, அதாவது கோரமானவன் என்றே அவர் கையெழுத்திட்டார்.

1954-இல் எல்லாம் சரிந்தது. மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்த்தம், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புத்தகம் எழுதினார். செனட் துணைக்குழு கெய்ன்ஸை விசாரித்தது. அதே ஆண்டில் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட தணிக்கை விதிகள் திகில் இதழ்களுக்கு முடிவு கட்டின. இங்கெல்ஸ் பின்னர் ஃப்ளோரிடாவுக்குப் போய் ஓவியம் கற்றுக்கொடுத்துப் பிழைத்தார். பழைய வேலையைப் பற்றிப் பேசவே விரும்பவில்லை. பிரிட்டன் 1955-இல் தடைச் சட்டம் போட்டது. இந்தியாவும் 1956-இல் இளையோருக்குத் தீங்கான வெளியீடுகளைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. குற்றம், வன்முறை, கொடூரம், அருவருப்பான அல்லது பயங்கரமான நிகழ்ச்சிகள் ஆகியவற்றைச் சித்திரித்து இளையோரைக் கெடுக்கக்கூடிய கதைகளை, படத்தோடு இருந்தாலும் படமில்லாமல் இருந்தாலும், அது தன் வரம்பில் வைத்தது.

குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்ததும் அதே 1956-இல்தான். அந்தச் சட்டத்தின் அளவுகோலை எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாக்களில் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்?

கள்ளிக் கொப்பில் ஒரு பிள்ளை

நாகர்கோவிலை ஒட்டிய பார்வதிபுரம் பக்கம்தான் கள்ளியங்காடு. அந்தக் காட்டின் நீலி கதையை வில்லுப்பாட்டில் கேட்காத பழைய தலைமுறை இங்கே கிடையாது. நகைக்காகக் கணவனே கொன்றுபோட்ட பெண் அவள். கல்லால் தலை நசுங்கிச் சாகும்போது அருகில் நின்ற கள்ளிச்செடியைச் சாட்சியாக்குகிறாள். மறுபிறவியில், வணிகனாகப் பிறந்திருக்கும் அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக் கொப்பு ஒன்றை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவன் என் புருஷன்’ என்று ஊரார் முன் வழக்குரைக்கிறாள்.

உடுக்கும் குடமும் முழங்க நள்ளிரவில் இதைப் பாடும்போது மடியில் பிள்ளைகளும் இருப்பார்கள். யாரும் அவர்களைக் கண்ணை மூடச் சொல்வதில்லை. ஆரல்வாய்மொழி அருகே, நீலியாகவே கருதப்படும் முப்பந்தல் இசக்கியம்மனிடம் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறோம். கொலையுண்டவரைத் தெய்வமாக்கிக் கும்பிடும் மண் இது. உயிரோடு இருந்தபோது கிடைக்காத நியாயம் செத்த பிறகாவது கிடைத்தாக வேண்டும் என்ற பிடிவாதத்திலிருந்து பிறந்தவை இந்தக் கதைகள். ஈசி காமிக்ஸில் கல்லறையை உடைத்து வரும் பிணமும், ஆளை ஏமாற்றி மேலே கொண்டுபோகும் மேக்ஸின் லிஃப்ட்டும் செய்கிற வேலை இதுதான். வெர்த்தம் வன்முறையைப் பார்த்தார். அதற்குப் பின்னால் இருந்த வழக்கைப் பார்க்கத் தவறினார்.

திகில் காமிக்ஸைத் தமிழன் இவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொண்டதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன். தமிழில் லயன் காமிக்ஸை 1984-இல் தொடங்கிய எஸ்.விஜயன், 1986-இல் ‘திகில் காமிக்ஸ்’ என்றே தனி இதழ் கொண்டுவந்தார். பின்னாளில் இத்தாலியின் திகில் நாயகன் டைலன் டாக்கும் தமிழ் பேசினார். வெளிநாட்டுப் பேய்கள் இத்தனை வந்த பிறகும், எனக்குத் தெரிந்தவரை நம் நீலி ஒரு முழு நீளக் காமிக்ஸாக நம் வீடுகளுக்குள் வந்து சேரவில்லை.

பாட்டு கையில் இருக்கிறது. அ.கா.பெருமாள் போன்ற ஆய்வாளர்கள் குமரி மாவட்டத்துக் கதைப்பாடல்களைத் தேடி அச்சேற்றியிருக்கிறார்கள். வேண்டியது ஓவியர். கள்ளிக் கொப்பு பிள்ளையாக மாறும் அந்த ஒரு காட்சிக்கு நான்கு கட்டம் போதும்: ஒடிந்த கொப்பில் வடியும் பால், துணி சுற்றும் விரல்கள், துணிக்குள் ஒரு அசைவு, தாயின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும் கண். வண்ணமே வேண்டாம், பிளாஸ்கோ நம்பிய கறுப்பு மை போதும்.

சுவரிலும் திரையிலும் வரைந்து பழகிய கைகள் நாஞ்சில் நாட்டில் ஏராளம். பதிப்பாளர்கள் அவர்களைத் தேடி வர வேண்டும். பக்கத்துக்கு நியாயமான கூலி தர வேண்டும். வில்லுப்பாட்டை இயற்றிய புலவர்களில் பலரை நாம் பெயரில்லாமல் தொலைத்துவிட்டோம். கோயில் முற்றத்து உருவங்களை வனைந்தவர்களையும் அப்படியே தொலைத்தோம். நீலியை வரையப்போகிறவருக்கு அந்தக் கதி வரக்கூடாது. முதல் இதழின் அட்டையில், நீலியின் பெயருக்குக் குறையாத எழுத்தில், ஓவியரின் பெயர் இருக்கட்டும்.