பெற்றோர் இசைவும் பதிவுச் சட்டமும்

வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழும் நம் மக்கள் சமயத்தால் பலர், வாழ்க்கையால் ஒருவர். மாரியம்மன் திருவிழாவுக்குக் கிறித்தவர் வீட்டிலிருந்து விறகு வரும். கிறிஸ்துமஸ் பலகாரம் இந்து வீட்டு அடுப்பிலும் வேகும். நோன்புக் கஞ்சி எல்லா வீட்டுச் சிறுவர் வயிற்றையும் நிரப்பும். ஆயினும், பெண் கொடுப்பது, பெண் எடுப்பது என்ற பேச்சு எழுந்தவுடன் வீட்டுக்கு வீடு இருக்கும் இடைச்சுவர் மலையாக உயர்ந்துவிடுகிறது.

சென்ற விடுமுறையில் பாலக்காட்டிலிருந்து ஊருக்குச் சென்றிருந்தேன். பழைய நண்பர் ஒருவர் வீட்டு முற்றத்தில் பெரியவர்கள் சிலர் கூடியிருந்தனர். நண்பருடைய மகள், தன்னோடு பணிபுரியும் கிறித்தவ இளைஞனை மணக்க விரும்புவதாகச் சொல்லியிருந்தாள். தந்தையார் இசையவில்லை. அடுத்த வீட்டுப் பாயும் திருச்சபை உபதேசியாரும் வழி காண முயன்றுகொண்டிருந்தனர். அப்பேச்சினிடையே, நான் நூல்களில் படித்திருந்த பஹாய் சமயத் திருமண விதிகளை எடுத்துரைத்தேன். நான் அச்சமயத்தைச் சேர்ந்தவன் அல்லேன். ஆயினும், நம் வீடுகளில் எழும் வினாவுக்கே அவ்விதிகள் விடை தேடுகின்றன என்று எனக்குத் தோன்றியது.

பஹாய் சமயத்தை நிறுவிய பஹாவுல்லா 1817 ஆம் ஆண்டு பாரசீகத்தில் பிறந்து, 1892 இல் அக்கா நகரின் அருகே மறைந்தவர். 1870களில் ஜமால் எஃபெண்டி என்பவர் இந்தியாவில் இச்சமயத்தைப் பரப்பினார், சென்னைக்கும் வந்தார். 1986 இல் தில்லியில் திறக்கப்பட்ட தாமரை வடிவக் கோயிலை நம்மவருள் பலர் பார்த்திருப்பர். அது இச்சமயத்தாருடையதே.

இவர்களுடைய சட்ட நூலான அக்தஸ் 1873 ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது. அதன்படி, திருமணத்துக்கு முதலில் வேண்டுவது மணமக்கள் இருவரின் மனமொத்த விருப்பம். பெற்றோர் தாமே துணையைத் தேர்ந்து பிள்ளை மீது சுமத்துதல் கூடாது. அதன்பின் வேண்டுவது, உயிரோடிருக்கும் பெற்றோர் அனைவருடைய இசைவு. அப்பெற்றோர் இந்துவாயினும், கிறித்தவராயினும், முஸ்லிமாயினும் அவருடைய இசைவும் வேண்டும். குடும்பங்களுக்கிடையே பகை மூளாதிருக்கவே இவ்விதி என்று அந்நூலே காரணமும் கூறுகிறது. எச்சமயத்தவரையும் மணக்கலாம், துணைவர் சமயம் மாற வேண்டியதில்லை. இரு சமயச் சடங்குகளையும் ஒரே நாளில் நடத்திக்கொள்ளலாம். புரோகிதர் இல்லை. சாட்சிகள் முன்னிலையில் இருவரும் இறைவனின் விருப்பத்துக்குக் கட்டுப்படுவதாக ஒரு சிறு உறுதிமொழி சொன்னால் போதும்.

இதைக் கேட்டதும் தந்தையார் முகம் மலர்ந்தார். “பார்த்தீர்களா! தாய் தகப்பன் இசைவு இல்லாமல் நடக்காது என்று அவர்களே சொல்கிறார்களே! நான் மறுத்தால் என்ன ஆகும்?” என்றார்.

“நடக்காது, அண்ணாச்சி. மறுப்பதற்குக் காரணம் கூறும் கடமையும் பெற்றோருக்கு இல்லை. அச்சமயத்தின் சபைகூட அம்மறுப்பை மீறி இசைவளிக்க இயலாது. மீறி மணம் செய்துகொண்டால் சபைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை முதலியவற்றை இழக்க நேரிடும்” என்றேன்.

உபதேசியார் வேறொன்று கேட்டார்: “இரண்டு முறையிலும் மணம் செய்தால் பிறக்கும் பிள்ளை எவ்வழி நிற்கும்?” பஹாய் முறைப்படி, பிள்ளை 15 வயது நிரம்பியபின் தன் நம்பிக்கையைத் தானே அறிவிக்க வேண்டும் என்று கூறினேன். “பதினைந்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?” என்று அவர் தலையசைத்தார். அவ்வினாவையும் எளிதென்று தள்ளிவிட முடியாது.

பாய், சீர்வரிசை பற்றிக் கேட்டார். அங்கே மணமகன்தான் மணமகளுக்குக் கொடுக்க வேண்டும். நகரத்தான் குறைந்தது 19 மித்கால் பொன்னும், கிராமத்தான் அதே எடை வெள்ளியும் தருவதென்று விதி. 19 மித்கால் என்பது எட்டரைப் பவுனுக்குச் சற்று மேல். குறைந்த அளவோடு நிற்பதே மேல் என்றும் நூல் சொல்கிறது. எல்லா நாட்டுப் பஹாய்களுக்கும் இவ்விதி இன்னும் கட்டாயமாக்கப்படவில்லை. “எங்கள் மகரும் இத்தகையதே” என்றார் பாய். 1961 இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்த பின்னும் பெண்ணைப் பெற்றவன் கடன்படும் நம் வழக்கத்தை எண்ணி, அங்கிருந்தோர் சற்று நேரம் பேசவில்லை.

ஒரு சமயத்தின் விதி வேறு, நாட்டின் சட்டம் வேறு என்பதை நாம் மறத்தலாகாது. இந்தியாவில் பஹாய்களுக்கெனத் தனித் திருமணச் சட்டம் இல்லை. தமிழ்நாட்டில் 1967 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சட்ட ஏற்புப் பெற்ற சுயமரியாதைத் திருமணமோ இந்துக்கள் இருவருக்கு இடையே மட்டுமே செல்லும். ஆகவே, பஹாய்கள் நாடுவதும், இந்துவும் கிறித்தவரும் சமயம் மாறாமல் மணக்க நாடுவதும் பெரும்பாலும் 1954 ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தையே. 1872 இல் இயற்றப்பட்ட பழைய சட்டமோ, மணமக்கள் தாங்கள் இந்துவோ கிறித்தவரோ முஸ்லிமோ அல்லர் என்று கூறச் செய்தது. சமயத்தை மறுத்தே மணக்க வேண்டியிருந்த அந்நிலை 1954 இல் நீங்கியது.

இச்சட்டம் பெற்றோர் இசைவைக் கேட்பதில்லை. மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இருவருள் ஒருவரேனும் அம்மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுத்தால் அது அலுவலகத்தில் ஒட்டப்படும். 30 நாள்களுக்குள் சட்டப்படியான தடை எழாவிடில், மூன்று சாட்சிகள் முன்னிலையில் மணம் நிறைவேறும். குடிபெயர்ந்து வாழும் நாம் இன்னொன்றும் அறிதல் வேண்டும். நிரந்தர இருப்பிடம் வேறு மாவட்டமாயின், அறிவிப்பின் படி அங்கும் அனுப்பப்பட்டு ஒட்டப்படும். இடுக்கியில் கொடுத்த அறிவிப்பு தேனியிலும் ஒட்டப்படலாம்! இந்து ஒருவர் பிற சமயத்தவரை இச்சட்டப்படி மணந்தால், கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். வாரிசுரிமையும் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அமையும். ஊரில் பூர்விக நிலம் உள்ளோர் முன்கூட்டியே விசாரித்தல் நலம்.

இவ்வறிவிப்புகளால் தீமையும் விளைந்ததுண்டு. கேரளப் பதிவுத் துறை இணையத்தில் வெளியிட்டு வந்த அறிவிப்புகளைச் சிலர் எடுத்துப் பரப்பி, கலப்பு மணம் செய்வோரை அச்சுறுத்தினர். அதனால் 2020 ஆம் ஆண்டு அவ்வெளியீடு நிறுத்தப்பட்டது. 2021 பிப்ரவரியில் கலப்பு மண வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் இசைந்தபின் குடும்பத்தின் இசைவோ குலத்தின் இசைவோ தேவையில்லை என்று தெளிவாகக் கூறியது.

“அப்படியானால் தகப்பனுக்கு ஒரு மதிப்பும் இல்லையா?” என்று தந்தையார் குரல் தழுதழுக்கக் கேட்டார்.

அதுவரை வாயிற்படியில் நின்றிருந்த மகள் பேசினாள்: “மதிப்பு இருப்பதால்தானே அப்பா, அறிவிப்புக் கொடுக்காமல் இத்தனை நாளும் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காரணம் சொல்லாமல் நீங்கள் மறுக்கலாம். ஆனால் காரணம் உண்டா என்று ஒரு தடவை சொல்லுங்கள்.”

தந்தையார் விடை கூறவில்லை. பையன் குடிகாரனா? இல்லை. வேலையற்றவனா? இல்லை. உபதேசியாரே அவன் ஒழுக்கத்துக்குச் சான்று கூறியிருந்தார். எஞ்சியது சமயமும், ஊரார் பேச்சுக்கு அஞ்சும் அச்சமுமே.

எனக்கு ஒன்று விளங்கிற்று. நான் புகைவண்டி நிலையத்தில் நாள்தோறும் காண்பதுதான். பயணச்சீட்டு இல்லாமல் வண்டியில் ஏற உரிமை இல்லை. அச்சீட்டைப் போன்றது சட்டம். நடைமேடையில் வந்து வழியனுப்பும் பெற்றோரைப் போன்றது இசைவு. வழியனுப்ப ஆளில்லாமலும் வண்டி புறப்படும். ஆயினும், ஏறியவர் கண் நெடுநேரம் நடைமேடையையே தேடும். பஹாய் விதி அந்த வழியனுப்புதலைக் கட்டாயமாக்குகிறது. நாட்டின் சட்டமோ அதைப் பெற்றோர் அன்புக்கே விட்டுவிடுகிறது. எவ்வழியாயினும், இசைவு என்பது பூட்டி வைப்பதற்குரிய திறவுகோல் அன்று. ஆராய்ந்து, தக்க காரணம் இல்லையேல் மனமுவந்து அளித்தற்குரிய கொடை.

மறுநாள் காலையில் நான் பேருந்துக்குக் காத்திருந்தபோது தந்தையார் துணைக்கு வந்து நின்றார். நெடுநேரம் பேசவில்லை. பேருந்து வந்ததும் மெல்லக் கேட்டார்: “அந்த முப்பது நாள் எப்பொழுது தொடங்கும், தம்பி?”

“அறிவிப்பு ஒட்டப்பட்ட நாளிலிருந்து, அண்ணாச்சி” என்றேன்.

“மூன்று சாட்சி என்றாயே, தகப்பன் கையெழுத்துப் போடலாமா?”

“தாராளமாகப் போடலாம்” என்று கூறி விடைபெற்றேன்.